குலுக்கைக்குள் ஸ்பீக்கர் வைத்த அக்கா

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: அக்கா. அக்காவின் மகள். மேகமலையிலிருந்து முந்தின நாள் ஜீப்பில் இறங்கி வந்திருந்த அக்கா வீட்டுக்காரர், இரண்டு காதிலும் பஞ்சு அடைத்தபடி. குமுளிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் கடை போட்டிருந்த ரேடியோ மெக்கானிக். நான். இது போக, நெல் குலுக்கைக்குள் ஒரு எலி. எலி இருந்த விஷயம் ஸ்விட்சைப் போடுகிற வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. நடக்கப்போவது எலிக்கும் தெரியாது.

அக்காவின் தம்பி அன்றைக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தார். அவரை இந்தக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று யோசித்துப் பார்த்தேன். நடந்ததெல்லாம் அவரை உத்தேசித்துத்தான். ஆனாலும் இருந்தவர்கள் என்றால் இருந்தவர்கள்தானே. விட்டுவிட்டேன்.

அக்கா எனக்குச் சொந்தம் இல்லை. சின்னமனூரில் என் படக்கடைக்கு அடுத்த வீடு, அவ்வளவுதான். சாமி படம், கல்யாணப் படம், இறந்துபோனவர்கள் படம் எல்லாவற்றுக்கும் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்துக் கொடுக்கிற கடை. ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு நான் வந்து உட்கார்ந்த கடை. அந்தக் கடைக்கும் அக்கா வீட்டுக்கும் ஒரே சுவர். அதுவும் மண் சுவர். வெட்டாத கண்ணாடிகளை நான் அந்தச் சுவரில் சாய்த்துத்தான் நிறுத்தி வைத்திருந்தேன், வேறு இடம் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் பாட்டுச் செட்டு. எனக்கு ஏன் ராத்திரியில் தூக்கம் வராது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய குரலைச் சொல்ல வேண்டும். குரல் என்று ஒன்று இருந்தது. பக்கத்தில் போய்க் குனிந்தால் கேட்கும். ஆள் நல்ல உயரம், வாட்டசாட்டம், நெற்றியில் காலணா அளவுக்குப் பொட்டு. வாயைத் திறந்தால் மட்டும் உள்ளே வேறு யாரோ ஒரு சின்னப் பிள்ளை இருந்துகொண்டு பேசுவது மாதிரி இருக்கும். காய்கறி மார்க்கெட்டில் அவர் விலை கேட்டு முடிப்பதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு தடவை பஸ்ஸில் எங்கள் ஊர் நிறுத்தத்தில் "நிறுத்துங்க" என்று சொல்லியிருக்கிறார், கண்டக்டருக்குக் கேட்கவில்லை. உத்தமபாளையம் வரைக்கும் போய், அங்கே இறங்கி, ஒரு படி நிலக்கடலை வாங்கிக்கொண்டு, வேறு பஸ்ஸில் திரும்பி வந்தார். கோபமே படவில்லை. "கடலை நல்லாருந்துச்சு" என்றார். அதையும் நான் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் சுவரில் தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் என் கண்ணாடிகள் ஒரு தரம் நடுங்கி அடங்கும். நானும்தான்.

இப்படிப்பட்ட ஒருவர்தான் எங்கள் தெருவிலேயே பெரிய சத்தம் வைத்திருந்தார்.

முதலில் ஒரு ரேடியோ. வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை, மாதத்துக்கு ஒருதரம் இறங்கி வருவார், வரும்போது வாங்கிக்கொண்டு வந்தது. ரேடியோ பாடியது. அக்கா வாசலுக்குப் போய் நின்று கேட்டார். தெருமுனைக்குப் போய் நின்று கேட்டார். திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார். மறுவாரம் மெக்கானிக் வந்து, ரேடியோவுக்குப் பின்னால் ஒரு ஒயரைக் கொடுத்து, தனியாக ஒரு ஸ்பீக்கரை மாட்டி, அதை ஒரு பானையின் வாயில் கவிழ்த்து வைத்தார்.

அப்போது எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். டீக்கடை, சலூன், சைக்கிள் கடை, எங்கே போனாலும் ஒரு மூலையில் பானை உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி செய்கிற செலவில் நாலு பானை வாங்கிவிடலாம். சத்தமும் திம் திம் என்று அடிவயிற்றிலிருந்து வரும். ஆனால் மற்றவர்கள் எல்லாம் கிடைத்த பானையில் வைத்தார்கள். அக்கா அப்படி இல்லை. வாரச்சந்தையில் பானைக்கடை முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, விரல் முட்டியால் தட்டி, வாயில் காதை வைத்துக் கேட்பார். தட்டுவார், கேட்பார், கீழே வைப்பார். பானைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சோத்துக்காம்மா, தண்ணிக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"பாட்டுக்கு" என்றாராம் அக்கா.

தண்ணிப் பானை போய், சோளம் போட்டு வைக்கிற பானை வந்தது. அது போய், நெல் அவிக்கிற பெரிய பானை வந்தது. ரேடியோ போய் ரிக்கார்டு பிளேயர் வந்தது. பதினைந்து வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் முப்பதானது. மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு, "மதி சேச்சி, மதி" என்று கும்பிடுவார். மதி என்றால் அவர்கள் பாஷையில் போதும் என்று அர்த்தம். அக்காவுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் கடைசி வரை தெரிந்துகொள்ளவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்கா ஒரு நாளாவது தன் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. சுவரில் கரண்டித் தட்டு விழும். போவேன். இசைத்தட்டைச் சுழல விட்டு, ஊசியை வைத்து, குமிழைத் திருக வேண்டிய மட்டும் திருகி வைத்துவிட்டு, என் காதருகில் வந்து, "பாத்துக்கய்யா, நான் நடந்து போயிக் கேட்டுட்டு வாரேன்" என்பார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பேன். சூடு ஏறினால் அணைத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. எவ்வளவு சூடு என்று கேட்டேன். தோசைக்கல் மாதிரி என்றார். தோசைக்கல் எந்த நேரத்துத் தோசைக்கல், காய்ந்ததா, காயப்போகிறதா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. அதை என் முகத்தில் பார்த்திருப்பார் போல. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "தண்ணி தெளிச்சுக் கிளிச்சுப் பாத்துராத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு கை ஆம்ப்ளிஃபயர் மேல், ஒரு கை சுவர் மேல். அப்படித்தான் நான் பல சாயங்காலங்கள் நின்றிருக்கிறேன்.

அக்கா குடையோடு நடந்து, வழியில் பார்க்கிறவர்களையெல்லாம் "கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே போவார். சத்தம் தேய்ந்து மறைகிற இடத்தில் நின்று, அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு திரும்புவார். "இன்னைக்கு ரைஸ் மில்லு வரைக்கும் போகுதுய்யா" என்பார். இன்னொரு நாள் தென்னந்தோப்பு வரைக்கும். கூரைக்கு மேல், முருங்கை மரத்தோடு சேர்த்து ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிய பிறகு, "பாலத்துக்கு நடு மட்டும் கேக்குது" என்று வந்து சொன்னார். அன்றைக்கு முகம் பூராவும் வேர்வை, சிரிப்பு. பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். சிரிப்பு நின்றுபோனது. குடையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் தம்பி வீடு.

இந்த இடத்தில் காதுகுத்து விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். அக்கா மகளுக்கு மூன்று வயதில் காது குத்த ஏற்பாடு செய்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முடிகூட இறக்க மாட்டார்கள். அந்தத் தாய்மாமனை வீடு தேடிப் போய், தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, கையில் கொடுத்துக் கூப்பிட வேண்டும். அக்காவும் தட்டத்தோடு போயிருக்கிறார். தம்பி வீடு தோட்டத்துக்குள் இருந்தது. வேலிப் படலில் ஒரு நாய் கட்டிக் கிடந்தது. அக்காவுக்கு நாய் என்றால் பயம். படலுக்கு வெளியே நின்று "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டிருக்கிறார், அவருடைய குரலில். உள்ளே பம்புசெட்டு ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் கூப்பிட்டாரோ தெரியாது. வெற்றிலை வாடிப்போகவும் திரும்பி வந்துவிட்டார்.

காதுகுத்து அன்றைக்கு மைக் செட்டு பாடியது, பந்தி நடந்தது, கம்மலோடு ஆசாரி காத்திருந்தார். தாய்மாமன் வரவில்லை. சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவதா வேண்டாமா என்று புரியாமல் கை கழுவிக்கொண்டே நின்றார்கள். காது குத்தாமலே காதுகுத்து முடிந்தது.

வந்து கூப்பிட்டேன், அவன் வெளியே வரவில்லை என்று அக்கா சொன்னார். யாரும் வந்து கூப்பிடவில்லை, தன் காதில் எதுவும் விழவில்லை என்று தம்பி சொன்னார். சமாதானம் பேசப் போன ஒருவர், ஊருக்கே மைக் செட்டு பாடிச்சே, அதைக் கேட்டாவது வந்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறார். அந்தச் சத்தமும் எனக்குக் கேக்கல என்று தம்பி சொல்லியனுப்பினார். அந்தக் கேக்கலதான் அக்காவுக்குத் தைத்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவர் கேட்டு வளர்ந்த ஒரே வார்த்தை அதுதானே. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் ரேடியோ, பானை, வாட்ஸ் எல்லாம்.

அதற்குள் பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. காதில் துளை கிடையாது. பள்ளிக்கூடத்தில் கூட இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஜிமிக்கி ஆட்டிக்கொண்டு வந்தால் இந்தப் பிள்ளை என்ன செய்யும்? என் கடைக்கு வந்து, படத்துக்கு ஒட்டுகிற ஜிகினாவில் இரண்டு பொட்டு வாங்கி, பசை தடவிக் காது மடலில் ஒட்டிக்கொண்டு போகும். வெயிலில் பசை இளகி, சாயங்காலம் வரும்போது ஒரு ஜிகினா கன்னத்தில் இருக்கும். ஒருநாள் ஒட்டிக்கொண்டே என்னிடம் சொன்னது:

"மாமா வந்து எனக்குக் காது குத்துறதுக்குள்ள, எங்கம்மா போடுற போட்டுல எனக்குக் காதே கேக்காமப் போயிரும் பாருங்க."

எனக்கு அதுவும் ஒரு கவலையாகச் சேர்ந்துகொண்டது. கண்ணாடிக் கவலை ஒரு பக்கம், பிள்ளையின் காது ஒரு பக்கம். பெரிய மனுஷி ஆகி, ஒரு கல்யாணப் பேச்சு வந்தால், பெண்ணுக்குக் காது குத்தவில்லை என்று தெரிந்தால் எவன் கட்டுவான்? நான் கேட்டேன். அக்கா பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பாலத்துக்கு நடு வரை கேட்கிறது என்று தெரிந்த மறுவாரம் கரண்டித் தட்டு விழுந்தது. போனேன். ஒரு முருகன் படத்தை எடுத்துக்கொண்டு தம்பி தோட்டத்துக்கு வியாபாரத்துக்குப் போவது மாதிரி போக வேண்டும், அங்கே நின்று கேட்க வேண்டும், என்னவென்று வந்து சொல்ல வேண்டும் என்றார். எனக்கு நாய் ஞாபகம் வந்தது. சொன்னேன். "நீ ஆம்பளதான" என்றார். அது நாய்க்குத் தெரிய வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

தம்பி மெலிந்த ஆள். கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கிடந்தார். பம்புசெட்டு ஓடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, "என்னய்யா படக்கடைக்காரரே, இங்கன இன்னும் யாரும் சாகலையே" என்றார்.

"முருகன் படம்ணே. சும்மா காட்டிட்டுப் போகலாம்னு."

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் எங்கள் கரையிலிருந்து நாதஸ்வரத் தட்டு எடுத்தது. வாழைத் தோட்டத்தைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, பக்கத்து வீட்டில் பாடுகிற மாதிரி கணீரென்று வந்தது. பாலத்துக்கு நடுவோடு நின்றது சத்தம் இல்லை, அக்காதான். நாய் எழுந்து நின்று, ஆற்றுப் பக்கமாகக் கழுத்தைத் தூக்கி ஊளையிட ஆரம்பித்தது.

"அண்ணே, பாட்டு கேக்குதுல்ல?"

"என்ன பாட்டு?"

"அக்கா வீட்டுச் செட்டுண்ணே."

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார். அவருடைய வலது கால் பெருவிரல் தவிலுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் பெருவிரலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். காலை மடக்கி அடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நாய் எதுக்குண்ணே ஊளை விடுது?"

"அதுக்குப் பசி."

கிளம்பும்போது கூப்பிட்டு நிறுத்தினார். "அக்காகிட்டச் சொல்லு. கூப்புடணும்னா தட்டத்தோட வந்து கூப்புடணும். குழா கட்டிக் கூப்பிட்டா வாரதுக்கு நான் என்ன ரேசன் கடையில நிக்கிற கூட்டமா?"

பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தேன். கேட்கிறது என்று சொன்னால், அவர் வாயால் கேட்டுச்சு என்று சொன்னாரா என்று அக்கா கேட்பார். கேட்கவில்லை என்று சொன்னால் இன்னும் பெரிய செட்டு வரும், என் கண்ணாடி போகும். பெருவிரல் விஷயத்தைச் சொல்லலாம்தான். ஆனால் ஒரு மனிதனின் கால்விரலை வைத்து இரண்டு குடும்பத்தைச் சேர்த்து வைக்க முடியுமா, தப்பாகப் போனால் யார் பொறுப்பு என்று பயம். கடைசியில் நடந்ததை நடந்தபடி சொன்னேன், விரலையும் நாயையும் சேர்த்து. அக்கா விரலையும் நாயையும் விட்டுவிட்டார்.

"கேக்கலைன்னுதான சொன்னான்?"

"ஆமாக்கா. கேக்கலைன்னுதான் சொன்னாக. தட்டத்தோட வந்து..."

"குலுக்கையக் காலி பண்ணணும்" என்றார் அக்கா.

குலுக்கை என்பது நெல் கொட்டி வைக்கிற மண் குதிர். ஆளுயரம் இருக்கும், நாலு பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும். அம்மா வீட்டுச் சீராக வண்டியில் வைத்து வந்தது. அந்த வீட்டிலேயே அதைவிடப் பெரிய வாய் வேறு எதற்கும் கிடையாது. அதற்குள் இருந்த நெல்லை மூட்டை கட்டினால் வைக்க இடம் வேண்டுமே. என் கடையில் கொண்டுவந்து அடுக்கினார்கள். கேட்கவில்லை, அடுக்கினார்கள். சுவருக்கும் என் கண்ணாடிகளுக்கும் நடுவில் எட்டு மூட்டையைத் திணித்து வைத்தார்கள். நெல்லுக்கு எலி வரும், எலி வந்தால் படம் கடிக்கும் என்று நான் புலம்பிக்கொண்டே இருந்தேன்.

மெக்கானிக் தேனியிலிருந்து ஒரு நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை இரவலாக வாங்கி வந்தார். கோயில் திருவிழாவுக்கு வைக்கிற சாமான், வீட்டுக்கு ஆகாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தோசைக்கல் அளவு ஸ்பீக்கரை ஒரு பலகையில் பொருத்தி, ஏணி வைத்து ஏறி, குலுக்கை வாயில் கவிழ்த்தார். இறங்கி, ஒயரைக் கொடுத்து, மதி சேச்சி என்று சொல்ல வாயெடுத்தவர், அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து காதுப் பஞ்சைச் சரிசெய்துகொண்டார். பிள்ளை தூணுக்குப் பின்னால் நின்றது. அக்கா இந்தத் தடவை குடையை எடுக்கவில்லை. ஊசியை வைத்தார், குமிழைக் கடைசி வரைக்கும் திருகினார்.

முதலில் பாட்டு வரவில்லை. ம்ம்ம் என்று ஒரு உறுமல் மட்டும் வந்தது. தரை வழியாக என் காலுக்குள் ஏறி, பல்லில் வந்து நின்றது. குலுக்கையின் கீழே நெல் தள்ளுகிற ஓட்டை இருக்குமே, அதன் வழியாக எலி வெளியே பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் எங்கே போவது என்று தெரியாமல் வீட்டுக்காரர் வேட்டிக்குள் ஏறிவிட்டது. நாங்கள் எல்லாரும் கத்தினோம். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. எதற்கு எல்லாரும் தன்னைப் பார்த்து வாயைத் திறக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கட்டில் மேல் ஏறி நின்று ஆடினார். அப்போதுதான் நாதஸ்வரம் எடுத்தது. பார்க்கிறவர்களுக்குப் பாட்டுக்கு ஆடுகிற மாதிரிதான் இருந்திருக்கும். தவில் முதல் அடி விழுந்தது. குலுக்கைக்குள் ஒட்டியிருந்த தூசியும் உமியும் புகையாகக் கிளம்பின. இரண்டாவது அடி. ஓடுகள் கலகலத்தன. மூன்றாவது அடிக்கு டப் என்று ஒரு சத்தம். குலுக்கை மேலிருந்து கீழ் வரைக்கும் கோடு விட்டது. ஒரு நிமிஷம் யோசித்துக்கொண்டு நின்றது. பிறகு பலாப்பழம் மாதிரி இரண்டாகப் பிளந்து சாய்ந்தது. ஸ்பீக்கர் பலகையோடு தரையில் விழுந்தது. அதோடு ரைஸ் மில் வரைக்கும் பீஸ் போய்விட்டது.

நான் கடைக்கு ஓடினேன். ஒவ்வொரு கண்ணாடியாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை. சுவர் கொடுத்த அதிர்ச்சியையெல்லாம் நெல் மூட்டைகள் வாங்கிக்கொண்டுவிட்டன. திட்டித் தீர்த்த மூட்டைகளைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

கரண்டு இல்லாததால் ரைஸ் மில் ஓடவில்லை, எதுவும் ஓடவில்லை. அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் உமி. "கேட்டிருக்குமா?" என்றார். வீட்டுக்காரர் பஞ்சை எடுத்துவிட்டு, "என்ன?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் சைக்கிள் மணி. அக்காவின் தம்பி. இடுப்பில் ஈரத் துண்டு, தோளில் ஒரு துண்டு, ஒரு காதில் சோப்பு நுரை. பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருக்கிறார். வாசலுக்கு நேரே ஒரு காலை ஊன்றி நின்றார்.

"என்னக்கா ஆச்சு?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷம் கழித்து வந்த முதல் வார்த்தை.

"தினம் மொதத் தட்டு முழுசா ஓடும், ரெண்டாவது தட்டுல அந்தக் கீறல் வந்து நிக்கும், ஊசியத் தூக்கி வச்சப்பறம்தான் மேல போகும். இன்னைக்கு மொதத் தட்டு எடுத்த ஒடனே டப்புன்னு நின்னுபோச்சு. கரண்டு கிரண்டு அடிச்சிருச்சோன்னு..."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். நிறுத்தியும் பிரயோசனமில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து பிள்ளை சொன்னது:

"அப்ப மாமாவுக்குக் கேட்டிருக்கு."

தம்பி தலையைக் குனிந்து சைக்கிள் செயினைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய்விடுவாரோ என்று பயந்தேன். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. கூப்பிடாத வீட்டில் எப்படிக் காலை வைப்பது? அக்கா எழுந்து உள்ளே போனார். வீட்டுக்காரருடைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, இருந்த வெற்றிலையை எடுத்துத் துடைத்து, இரண்டு பாக்கு சேர்த்து, பித்தளைத் தட்டத்தில் வைத்துக்கொண்டு வந்தார். படியை விட்டு இறங்கி, தெருவில், சைக்கிள் ஹாண்டில் பக்கத்தில் போய் நின்றார்.

"உள்ள வாடா. பாப்பாவுக்குக் காது குத்தணும்."

வழக்கமான அதே குரல். ஆனால் அந்த நேரம் தெருவில் வேறு ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கேட்டது. கட்டில் மேல் இன்னும் இறங்காமல் நின்ற வீட்டுக்காரருக்குக் கேட்டது.

"கேட்டுச்சா?" என்றார் அக்கா.

"கேட்டுச்சுக்கா."

உள்ளே வந்தவர் பிளந்து கிடந்த குலுக்கையைப் பார்த்து நின்றுவிட்டார். "அம்மா குலுக்கையவா ஒடச்ச?" என்று கேட்டார். பிறகு ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கிடம் சொல்கிற மாதிரி சொன்னார்: "சின்னப் பிள்ளையில அக்கா பேசினா யாருக்கும் கேக்காது. இது மேல ஏறி, வாய்க்குள்ள தலைய விட்டுத்தான் என்னயச் சோத்துக்குக் கூப்புடும். தோட்டத்துல இருந்து ஓடி வருவேன்." மெக்கானிக் ஒயரைச் சுருட்டினார்.

காதுகுத்து அடுத்த மாதம். செட்டே வேண்டாம், போதும் போதும் என்று ஆகிவிட்டது என்றார் அக்கா. தம்பி ஒரே பிடியாக நின்றார். செட்டு இல்லாத காதுகுத்துக்கு நான் வரமாட்டேன் என்றார். இன்னொரு தடவை வருஷக்கணக்கில் இழுக்க எனக்குத் தெம்பில்லை. நானே பரணில் ஏறி அந்த முதல் தண்ணிப் பானையைத் தேடி எடுத்தேன். அதில் ஸ்பீக்கரை வைத்து, குமிழைப் பாதி திருகி, ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பிள்ளை அப்போது மாமனை எட்டிப் பிடிக்கிற உயரம். மடியில் உட்கார்ந்ததும் மாமன் காணாமல் போய்விட்டார். இரண்டு பக்கமும் கை மட்டும் தெரிந்தது. ஆசாரி ஒவ்வொரு காதாகக் குத்தி முடிக்கும் வரை பிள்ளை முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. கத்தினது மாமன்தான். கால் மரத்துப்போய், இரண்டு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகும் அக்கா குடையோடு நடந்துகொண்டுதான் இருந்தார். என் கையும் ஆம்ப்ளிஃபயர் மேல்தான். ஆனால் இப்போது பாலத்தின் நடுவில் நிற்பதில்லை. தாண்டிப் போய், தம்பி தோட்டத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, தன் வீட்டுப் பாட்டை அங்கிருந்து கேட்பார். இருட்டுகிற நேரத்துக்குத் தேங்காயோடு வருவார். "அங்கன இருந்து கேட்டா நல்லாத்தான்யா இருக்கு" என்பார். "இங்கன ஒரே இரைச்சல்."

காதுகுத்துப் போட்டோவைப் பெரிதாக்கி, ஓரத்தில் ஜிகினா ஒட்டி, நல்ல தேக்குச் சட்டத்தில் நான்தான் கண்ணாடி போட்டேன். படத்தில் பிள்ளையும் இரண்டு கைகளும் இருக்கும். அக்கா காசு எடுத்து நீட்டினார். தம்பி விடவில்லை. தாய்மாமன் செய்முறை, நான்தான் கொடுப்பேன், அக்காவிடம் வாங்கினால் நமக்குள் பேச்சு இல்லை என்று சொல்லிவிட்டார். அக்காவிடம் வாங்கி, அதனால் மறுபடியும் ஒரு சண்டை வந்து, மறுபடியும் ஒரு குலுக்கை வந்தால் என்ன செய்வது என்று நான் வாங்கவில்லை.

ஆறு மாதம் பொறுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். நாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. தம்பி கட்டிலில் படுத்திருந்தார். பம்புசெட்டு ஓடவில்லை. கை எட்டுகிற தூரத்தில் நின்று, படத்துக்கான காசு என்று நன்றாக, நிறுத்திச் சொன்னேன்.

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்னய்யா? ஒண்ணும் கேக்கலயே" என்றார்.

பன்னிரண்டரை ரூபாய்.